ஒட்டுக்கன்றுத் தொட்டியில் எவ்வளவு எரு?

சமூகத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லப் போனால், வாடிய மாங்கன்றையோ எலுமிச்சைக் கன்றையோ காட்டி, "ரசாயனமே போடல, எல்லாம் ஆர்கானிக்தான், அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். தொட்டியைக் கவிழ்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்: பாதிக்கு மேல் எரு, பழுப்பேறி அழுகிய வேர், கூடவே கூமுட்டை நாற்றம்.

ஒட்டுக்கன்றின் கீழ்ப்பாதியான வேர்ச்செடிக்கு முதலில் வேண்டியது காற்று. சத்தெல்லாம் பிறகுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இந்த வெக்கையிலும் ஈரத்திலும் எரு வேகமாக மட்கும்; மட்க மட்கக் கலவை அமுங்கும், இடைவெளிகள் அடைபடும், தண்ணீர் நிற்கும். எலுமிச்சை இனத்தையும் டுரியானையும் அழிக்கும் ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் கிருமிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

மட்டம் இறங்கியதும் மேலே மேலே எரு கொட்டுவது இன்னும் மோசம். ஒட்டுக் கட்டிய இடம் புதைந்தால் பட்டை அழுகலாம். இல்லையென்றால் மேல்செடியே அங்கிருந்து வேர்விடும். நோய் தாங்கட்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வேர்ச்செடிக்கு அப்புறம் என்ன வேலை? கன்றைத் தூக்கி, அடியில் கலவையை நிரப்புங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் அளவு: நன்றாக மட்கிய எரு கால் பங்கு, அதற்கு மேல் வேண்டாம். மீதி தோட்ட மண்ணும், வடிகாலுக்குச் சுட்ட மண்ணோ, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளோ. உமிக்கரி கிடைத்தால் ஒரு கை சேர்க்கலாம். அது சீக்கிரம் மட்காது. தேங்காய் நார்த்தூளில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் இலை நுனி கருகும். கோழி எரு இளங்கன்றுக்குச் சூடு. காப்பிக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் காப்பித்தூள் சக்கையையும் நேரே கொட்டாதீர்கள். பச்சையாகப் போட்டால் கன்றின் வளர்ச்சியையே தடுக்கும். இலைச்சருகோடு மட்கவைத்த பிறகு நல்ல உரம்.

பை பையாக வரும் பீட் மாஸை நான் தவிர்த்துவிடுகிறேன். அது சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம். 2015இல் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பீட் நிலங்கள் எரிந்து, புகைமூட்டத்தில் இங்கே பள்ளிகளை மூடினார்களே, நினைவிருக்கிறதா? பைகளில் வருவது பெரும்பாலும் குளிர்நாட்டுப் பீட்தான், ஆனாலும் வெட்டியெடுத்தால் அந்தக் கரிமமும் காற்றில்தான் கலக்கும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தினமும் கூட்டி அள்ளும் இலைச்சருகு இருக்க, அது எதற்கு?

எரு மட்கிவிட்டதா என்று சந்தேகமா? இரண்டு கிண்ணம் எடுங்கள். ஒன்றில் வெறும் மண், மற்றொன்றில் மண்ணும் எருவும் சரிபாதி. இரண்டிலும் பச்சைப்பயறு விதையுங்கள். நாலைந்து நாளில் எருக் கிண்ணத்து முளை மட்டும் குட்டையாகவோ கருகியோ நின்றால், அந்த எரு இன்னும் சில வாரம் கிடக்கட்டும்.