கேம்பைலோபாக்டர்: தமிழில் வளைகோலுயிரி

ஹாக்கிக்கு வளைகோல் பந்தாட்டம் என்று பெயர் வைத்தவர்கள் தமிழ்ப்பெயர் தேடும் நம் வேலையைப் பாதி குறைத்துவிட்டார்கள். கோழிக்குடலில் வாழ்ந்து, மனிதருக்கு வயிற்றுப்போக்கைத் தரும் பாக்டீரியா கேம்பைலோபாக்டர். அந்தப் பெயரும் அதே வளைகோல்தான். கிரேக்கத்தில் 'காம்பிலோஸ்' என்றால் வளைந்தது, 'பாக்டீரியோன்' என்றால் சிறு கோல். 1963-இல் செபால்ட், வெரோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் சூட்டிய பெயர் இது. அதுவரை இதைக் காலராக் கிருமியோடு விப்ரியோ கூட்டத்தில் சேர்த்துவைத்திருந்தார்கள்.

சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'கொடுங்கோல்' என்றே வரும். கொடு என்றால் வளைவு. கொடுவாளில் இருப்பதும் அதுதான். ஆனால் கொடுங்கோல் என்றதும் அரசன் நினைவுக்கு வருவான், ஆகாது. கோல் வடிவ பாக்டீரியாவான பேசிலஸுக்குக் கோலுயிரி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே வளைகோலுயிரி. 'நுண்ணுயிரி' என்று முடித்தால் பூஞ்சையும் அதில் அடங்கிவிடும், கோலும் காணாமல் போகும்.

அந்த வளைவு வெறும் அடையாளம் இல்லை. முனையில் இருக்கும் இழையைச் சுழற்றி, தக்கைத் திருகி போலக் கோழிக்குடலின் சளிக்குள் துளைத்துப் போக அதுதான் உதவுகிறது. கோழியின் உடல்சூடு 41, 42 டிகிரி செல்சியஸ். கிருமிக்குப் பிடித்த சூடும் அதுவே.

பொரிந்து வரும் குஞ்சிடம் பெரும்பாலும் இது இருக்காது. முதல் இரண்டு வாரம் கொட்டகையில் தென்படுவதே அரிது. அப்புறம் ஒருநாள் யாருடைய செருப்பிலோ, ஒரு ஈயின் காலிலோ உள்ளே வரும். ஒரு கோழிக்குத் தொற்றினால் போதும். அது கூளத்தில் எச்சமிடும், பக்கத்துக் கோழி அதே கூளத்தைக் கிளறிக் கொத்தும். ஒரு வாரத்துக்குள் அந்த பேட்ச் முழுவதும் சுமக்கத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கான கறிக்கோழிகள், பெரும்பாலும் ஒன்றுகூடச் சோர்ந்து நிற்காது. தீவனம் எடுக்கும், எடை போடும். அதனால்தான் இதைக் 'கோழி நோய்க் கிருமி' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருவது, சரியாக வேகாத கறியைத் தின்றவருக்கு.

ஐரோப்பியப் பண்ணைகளில் ஒரு பகுதிக் கோழிகளை முன்னாடியே பிடித்து அனுப்பிவிட்டு, மீதியை இன்னும் சில நாள் வளர்ப்பார்கள். பிடிக்க வருபவர்களின் பூட்ஸிலும் கூண்டுகளிலும் கிருமி வந்து மீதிக்குத் தொற்றும். அறுக்குமிடத்தில் எந்திரம் குடலை உருவும்போது கிழிந்தால் தோலெல்லாம் பரவும். பிரிட்டனில் 2014-15-இல் கடைக்கோழிகளைச் சோதித்தபோது 100-க்கு 73-இல் இருந்தது.

மனிதரை அதிகம் தாக்கும் இனத்தின் பெயர் ஜெஜூனி. லத்தீனில் ஜெஜூனஸ் என்றால் வெறும் வயிறு. அறுத்துப் பார்த்தால் காலியாகக் கிடக்கும் நடுச்சிறுகுடலுக்கு வைத்த பெயர். கோழியில் இது அதிகமாகத் தங்குவது அங்கே இல்லை. குடலின் கடைப்பகுதியில் பைபோல் இரண்டு குருட்டுக்குடல்கள் இருக்கும். அதில்தான், ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில்.