ஊட்டியில் உப்பும் பாக்கெட்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஊட்டிக்குக் கொண்டுபோனால், விறைத்து உப்பி நிற்கும். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். இடையில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வெளியே அழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைபட்ட வாயு விரியப் பார்க்கிறது. பாதி பாக்கெட்டுக்குக் காற்றை விற்கிறார்கள் என்று திட்டுகிறோமே, அது பெரும்பாலும் நைட்ரஜன். இத்தனை இழுவையிலும் அது கசியாமல் நிற்பதுதான் விஷயம்.

கசியாமல் தடுக்கும் உறையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பல அடுக்குகள் தெரியும். வெளியே பாலிப்ரொப்பிலீன் படலம். படமும் விலையும் அதன் உட்புறத்தில் அச்சாகியிருக்கும். அதனால்தான் கையில் மை ஒட்டுவதில்லை. அடுத்து, பசையாக வேலை செய்யும் பாலிஎத்திலீன். அதற்கும் உள்ளே இன்னொரு பாலிப்ரொப்பிலீன் படலம், அதன்மேல் அலுமினியப் பூச்சு. வெற்றிடத்தில் அலுமினியத்தைக் கொதித்து ஆவியாகும்வரை சூடேற்றி, குளிர்ந்த உருளைமேல் ஓடும் படலத்தில் அந்த ஆவியைப் படிய விடுகிறார்கள். பூச்சின் கனம் சில பத்து நானோமீட்டர், அவ்வளவுதான். ஆனால் அந்த மெல்லிய பூச்சுதான் முக்கிய வேலையைச் செய்கிறது. பாலிப்ரொப்பிலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும். ஆக்சிஜனையும் ஒளியையும் நிறுத்த அலுமினியம் வேண்டும்.

ஏன் நிறுத்த வேண்டும்? எண்ணெய்க்காக. கொழுப்பு மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடங்களில்தான் ஆக்சிஜன் முதலில் கைவைக்கும். ஒன்று கெட்டால் அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். சங்கிலியாகப் பரவி, கடைசியில் சிக்கு வாடை வரும். சூரியகாந்தி எண்ணெயில் இந்த இரட்டைப் பிணைப்புகள் அதிகம். பாமாயிலில் ஏறக்குறைய பாதி, இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு, அதனால் மெதுவாகத்தான் கெடும். நொறுக்குத்தீனி கம்பெனிகள் பாமாயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. மாதக்கணக்கில் கடையில் தொங்க வேண்டுமென்றால் கெடாத எண்ணெய் வேண்டும், அல்லது இன்னும் கெட்டியான உறை வேண்டும். பாமாயிலுக்காக இந்தோனேசியக் காடு அழிகிறதே என்று எண்ணெயை மாற்றினால், ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெய்க்கு ஈடாகச் சூரியகாந்திக்குப் பல மடங்கு நிலம் தேவைப்படும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் அவிழ்கிறது.

சரி, தின்று முடித்த பிறகு? தமிழகம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. நீலகிரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிளாஸ்டிக் பைகளை ஒதுக்கிய மாவட்டம். சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்களும் வந்தாயிற்று. அப்படியும் பெட்டிக்கடை வாசலில் பாக்கெட் சரம் தொங்கத்தான் செய்கிறது. குன்னூர் ஓட்டுப்பட்டறை போன்ற இடங்களில் குப்பையைத் தரம் பிரிக்கும்போது தண்ணீர் பாட்டிலுக்கு விலை உண்டு, சிப்ஸ் உறைக்கு இல்லை. ஒரு உறை சில கிராம்தான். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். சேர்த்தாலும் அடுக்குகளைப் பிரிக்க வழியில்லை. பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டுமே தண்ணீரில் மிதக்கும், அதனால் மிதக்க வைத்துப் பிரிக்கும் வித்தை இங்கே பலிக்காது. சேர்த்து உருக்கினால் இரண்டும் ஒட்டாமல் பலவீனமான பிளாஸ்டிக்தான் கிடைக்கும். மிஞ்சுவது, எரிபொருளாகப் போட்டு எரிக்கும் சிமென்ட் ஆலைச் சூளை. அதுவும் சமவெளியில் இருக்கிறது; லாரி வாடகை யார் தலையில் என்பது தனிக் கதை.

'மக்கும் உறை' என்று இப்போது வருவதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். சோள மாவுச்சத்து, கரும்புச் சர்க்கரையிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீண்ட சங்கிலிகள் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் இளகும். இளகினால்தான் தண்ணீர் புகுந்து அவற்றை வேகமாகத் துண்டாக்கும், அப்புறம்தான் நுண்ணுயிர்கள் தின்னும். பெரிய உரக்குவியலுக்குள் அந்தச் சூடு உண்டு. கோடையிலும் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊட்டியின் மண்ணில் கிடையாது. தேயிலைப் புதருக்கடியில் விழுந்த அந்த உறை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

என் கணக்கில் இதைவிட நம்பத்தக்கது, எல்லா அடுக்கையும் பாலிப்ரொப்பிலீனிலேயே செய்வது. அலுமினியப் பூச்சு மிக மெல்லியது என்பதால் உருக்கும்போது பெரிய தொல்லை தராது. ஆனால் உறையைச் சேகரித்து உருக்க ஆள் வேண்டும், அதற்கு விலையும் கிடைக்க வேண்டும்.

இன்னொரு வழி, கெடாமல் இருக்க வேண்டிய நாட்களையே குறைப்பது. ஊட்டி வர்க்கியிலும் கொழுப்புக்குக் குறைவில்லை. ஆனால் பேக்கரியில் சுட்டது சில நாளில் விற்றுவிடுவதால் சிக்கு பிடிக்க நேரமே இல்லை. சென்னைக்குக் கொண்டுபோனால் முதலில் வரும் சிக்கல் ஈரம், நமுத்துப்போகும். ஈரத்தை மட்டும் தடுக்க அலுமினியம் வேண்டாம். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா போதும்.