தாத்தாவின் பிக்கப்புக்குப் பெயின்ட் கடைசியில்தான்

போன வருடம் மழை விட்ட நேரம், தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஹட்டனில் இருக்கும் என் கராஜுக்கு ஒரு மொரிஸ் மைனர் பிக்கப்பைக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, லொறியில் ஏற்றி வந்தார். தாத்தா தவறி நான்கு வருடம். அதற்கு முன்பே பல வருடம் கொட்டிலில் நின்ற வண்டி. பின்பெட்டியில் கோழி முட்டையிட்ட வைக்கோல் அப்படியே கிடந்தது.

"அண்ணே, நல்ல பச்சையா அடிச்சு, அலோய் வீல் போட்டு, ஜப்பான் எஞ்சின் ஒன்னு வச்சுக் குடுங்க. தாத்தா ஞாபகமா ஓட்டணும்."

"எங்க ஓட்டப் போறீங்க தம்பி?"

"இங்கதான். நுவரெலியா, கம்பளை. அப்பப்ப லீக்ஸ், கரட்டும் ஏத்தலாம்."

இப்படி ஒரு வண்டி வரும்போதெல்லாம் பேச்சு பெயின்டில்தான் தொடங்குகிறது. அடுத்தது எஞ்சின். பிரேக்கைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. கொழும்பில் ஓடும் வண்டிக்கு அது பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். நம் மலையில் அப்படி இல்லை. இங்கே எஞ்சின் பலவீனமாக இருந்தால் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். கல் வைத்துவிட்டு இறங்கிப் பார்க்கலாம். பிரேக் பலவீனமாக இருந்தால் அந்த வசதி கிடையாது.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே வருகிறோம். மரக்கறி ஏற்றிய மைனர் பிக்கப் கிட்டத்தட்ட ஒரு தொன் எடை. அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, குளிர்ந்த தண்ணீர் 40 லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கியர் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க நான்கு சில்லிலும் இருக்கும் பிரேக் டிரம்முக்குள்தான் போக வேண்டும். 1962க்கு முந்திய மைனர் என்றால் நான்கும் ஏழு அங்குல டிரம். 1098 சிசி எஞ்சின் வந்த பிறகுதான் முன்பக்கம் எட்டு அங்குலமானது. சோறாக்கும் சட்டி அளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் பழகிய காலத்தில், கராஜில் நானே சேர்வீஸ் செய்த பழைய பிக்கப் ஒன்றை நுவரெலியாவிலிருந்து இறக்கினேன். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனர் புதிது, கேபிள் புதிது. அந்தத் தெம்பில் மூன்றாவது கியரிலேயே விட்டு, காலைப் பிரேக்கில் வைத்தபடி வந்தேன். இறம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, அடுத்த மிதியில் தரையைத் தொட்டுவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டே இடதுபக்கக் கானுக்குள் சில்லை இறக்கினேன். மட்கார்ட் நசுங்கியது, எனக்கு ஒன்றுமில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால் கல் மாதிரி நிற்கிறது! உதவிக்கு வந்த பஸ் சாரதி ஒருவர் மிதித்துப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புதிதாக ஊற்றிய டொட் 3 வகை கொதிக்க 205 பாகை செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறியதும் அது 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். குமிழ் அமுங்கும், சில்லுக்கு அழுத்தம் போகாது. ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகிவிடும், தடயமே இருக்காது. நான் லைனரை மாற்றினேன், ஒயிலை மாற்றவில்லை. போத்தலில் மட்டம் சரியாக இருந்ததே!

வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஒயில் என்ன கதியில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். மழையும் மிஸ்டும் நம் ஊரில் எத்தனை மாதம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பிரேக் ஒயில்" என்று நாம் சொல்லிப் பழகிய பெயரே வம்பு. அது ஒயில் இல்லை. கிளைக்கோல் சேர்ந்த வேறு திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஒயில் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் எல்லாம் ஊறி உப்பி, பிரேக் பிடித்தது பிடித்தபடி நிற்கும். தம்பி கொண்டுவந்த வண்டியிலும் அதேதான். பெடலை மிதித்ததும் ஒயிலைக் குழாய்க்குள் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் ஒயில் மட்டமே தெரியும். திறந்தேன். கறுப்பாக, தேன் பாகு மாதிரி எதோ இருந்தது. விரலில் தொட்டு மோந்தால் எஞ்சின் ஒயில் வாடை. கொட்டிலில் நின்ற காலத்தில் யாரோ புண்ணியவான் "ஒயில் குறைந்திருக்கு" என்று ஊற்றியிருக்கிறார். ரப்பர், ஹோஸ், சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. குழாய்களையும் விடவில்லை, புதிதாக வளைத்துப் போட்டோம்.

டிரம்மைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். கொம்ப்ரஸர் காற்றால் ஊதித் தூசி தட்டுவது எங்கள் தொழிலில் பரவலான கெட்ட பழக்கம், நானும் செய்தவன்தான். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள், மாஸ்க் போடுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தூரப் போகச் சொல்லுங்கள்.

அடுத்தது முன் சில்லு. மைனரைத் தெரிந்த எல்லோருக்கும் இந்த வியாதி தெரியும். முன் சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மேலும் கீழும் மரை இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழலும். கிரீஸ் இல்லாமல் ஓட்டினால் மரை தேயும். ஒருநாள் தண்டு கழன்று, சில்லு அப்படியே மடிந்து விழும். ஜாக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இடதுபக்கம் "டக், டக்" என்றது. கழற்றினால் மரையின் பல் எல்லாம் சவர பிளேட் மாதிரி மெலிந்திருந்தது. ஒன்றைக் கையில் கொடுத்தேன். தம்பி விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்துக் காட்டினார். தாத்தாவின் கையெழுத்து. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை "கிரீஸ்" என்று திகதியோடு எழுதியிருந்தது, பக்கம் பக்கமாக. கடைசி மூன்று வருடம் அந்த வரி இல்லை. கிழவருக்குக் குனிய முடியாமல் போயிருக்கும். கிரீஸ் அடிக்கும்போது ஒன்று ஞாபகம் வையுங்கள்: சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிட்டு அடியுங்கள். பாரம் அழுத்திக்கொண்டிருந்தால் வேண்டிய பக்கத்துக்குக் கிரீஸ் போகாது.

துரு விசயத்தில் மைனர் பிக்கப்புக்கு ஒரு நல்ல குணம். காரைப் போல் உடம்பே சட்டமாக இல்லாமல், தனிச் செஸி இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் உரம் ஏற்றிய வண்டி என்றால் சந்தேகப்படுங்கள். உர உப்பு இரும்பைத் தின்னும். சிறு சுத்தியலால் செஸியைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் சரி. சத்தம் செத்துப்போனால் அந்த இடத்தில் பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள்.

சரி, ஜப்பான் எஞ்சினுக்கு வருவோம். நான் எதிரி இல்லை, நிறையப் பொருத்தியிருக்கிறேன். ஆனால் 50இல் போன வண்டி 70இல் போனால், நிறுத்துவதற்கு வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எஞ்சின் புதிது, டிரம் தாத்தா காலத்தது என்றால் அது மேம்பாடு இல்லை. டீசல் எஞ்சின் என்றால் மூக்கிலும் பாரம் ஏறும். அந்தப் பணத்தை முன்பக்கம் டிஸ்க் பிரேக்குக்கும், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கும் போடுங்கள் என்றேன். பழைய அமைப்பில் ஒரே சுற்றுத்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சில்லும் போச்சு. இரட்டைச் சுற்றில் இரண்டாவது மிஞ்சும்.

பிரேக் பூஸ்டரும் வைக்கலாம். ஆனால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் காலுக்கு உதவுகிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், உதவியும் அந்த அளவுக்குக் குறையும். எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டினால் ஒன்றிரண்டு மிதியோடு பூஸ்டர் தீர்ந்துவிடும். பெட்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் 2022 தட்டுப்பாட்டு நேரத்தில் நிறையப் பேருக்குத் தொற்றியது. சிலருக்கு இன்னும் போகவில்லை. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். மைனரில் முதல் கியருக்கு சின்க்ரோ இல்லை, ஓட்டத்தில் எளிதில் விழாது. சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் ஒரு வரியில்: பழைய மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் உடம்போடு சேர்ந்திருக்கும். தெரியாமல் போன் சார்ஜர், ரேடியோ பொருத்திப் புகைத்தவர்கள் உண்டு. நெகட்டிவுக்கு மாற்றி, ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஃபியூசும் போட்டுவிட்டால் மிஸ்டில் வழி தெரியும்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருந்தது, அதை நான் பின்னால் சொல்கிறேன். வண்டியின் பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? தம்பி "தாத்தா பெயரில்தான்" என்று சத்தியம் பண்ணினார். கொண்டுவந்து பார்த்தால், தாத்தாவுக்கு வித்தவர் பெயர். வித்தவரின் கையெழுத்து மட்டும் போட்ட ஓப்பன் பேப்பரில் வாங்கி, பெயர் மாற்றாமலே காலம் தள்ளியிருக்கிறார். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆருக்குப் பதியப் போனபோதுதான் பலருக்கு இப்படி விடிந்தது. செஸி நம்பரைத் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் நிலைமைக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஸ்பேனரைத் தூக்குங்கள். எஞ்சினை மாற்றினால் அந்த நம்பரும் புத்தகத்தில் ஏற வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வண்டிகளுக்குக் கிராக்கி ஏறி, புரோக்கர்கள் காசோடு கொட்டில் கொட்டிலாகத் திரிந்தார்கள். 2025இல் இறக்குமதி திறந்த பிறகும் மைனரைக் கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. பேப்பர் சரியில்லாத வண்டிக்கு அவர்கள் சொல்வதுதான் விலை.

தம்பியின் வண்டிக்கு இப்போது முன்பக்கம் டிஸ்க், புது மரைத் தண்டுகள், இரட்டைச் சுற்று. எஞ்சின் தாத்தாவுடையதேதான். வால்வு சீட்டை மட்டும் கடினமான வகைக்கு மாற்றினோம், ஈயம் கலக்காத பெட்றோலுக்குப் பழையது தாங்காது. கராஜிலிருந்து வண்டியை எடுத்த அன்றே என்னையும் ஏற்றிக்கொண்டு கம்பளை வரை இறக்கிப் பார்த்தார். கீழே வந்ததும் சில்லுக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன், சூடு அளவாகத்தான் இருந்தது. பெடல் மேலேயே நின்றது.

பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. சாம்பல் பிரைமரோடுதான் லீக்ஸ் ஏற்றுகிறார். காசு ஒரு காரணம். இன்னொரு காரணம், பாட்டி வண்டியைப் பார்த்துவிட்டு இது பச்சையே இல்லை, நீலம் என்று சொல்லிவிட்டார். தம்பி சின்ன வயதிலிருந்து பார்த்தது பச்சை. போன வாரம் சீட்டுக்கு அடியில் பிளேடால் சுரண்டிப் பார்த்தோம். மேலே பச்சை, அதற்குக் கீழே சிவப்பு, அடியில் நீலம்.