வெளிநாட்டு ஆமை வாங்கியிருக்கிறீர்களா? முதலில் பேரீச்சம்பழத்தை நிறுத்துங்கள்

ராமநாதபுரம் கரையோரத்தில் கால்நடை வைத்தியம் பார்க்கிறவனிடம் வருவது பெரும்பாலும் ஆடு, மாடு, கோழி. அப்புறம் கொஞ்ச காலமாக வீட்டு நாயும் பூனையும். இப்போது அந்த வரிசையில் ஆமையும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று சென்னையிலிருந்தோ தெரிந்தவர் மூலமாகவோ வாங்கி வருகிறார்கள். உள்ளங்கை அகலத்தில், மஞ்சளும் கறுப்புமாக மேடான ஓட்டோடு இருக்கும். விற்றவர் "எதைப் போட்டாலும் தின்னும், செலவே வைக்காது" என்று சொல்லி அனுப்பியிருப்பார். எதைப் போட்டாலும் தின்னும் என்பது உண்மைதான். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கீழக்கரையிலிருந்து ஒரு பெரியம்மா பேரனோடு கொண்டுவந்த ஆமையைச் சொல்கிறேன். வால் பக்கம் முழுக்கக் கழிசல் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போனது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நல்லதாத்தான் தம்பி குடுக்குறோம். பேரீச்சம்பழம், வெள்ளரிக்காய், தக்காளி. ராத்திரிக்குக் கொஞ்சம் பால்சோறு. சவூதியிலேருந்து மகன் அனுப்புற பழம், கடையில வாங்குனதுகூட இல்லை."

அந்த வீட்டில் யாரும் ஆமையைக் கொடுமைப்படுத்தவில்லை. விருந்தாளிக்கு வைப்பதை அதற்கும் வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த ஆமையின் வயிறு விருந்துக்கு ஆனது இல்லை.

மத்தியதரைக்கடல் ஆமை என்று விற்கப்படுவதில் இரண்டு வகைதான் அதிகம்: கிரேக்க ஆமை, ஹெர்மன் ஆமை. கிரேக்க ஆமை பெயருக்குத்தான் கிரேக்கம். மொராக்கோ, தெற்கு ஸ்பெயின் தொடங்கித் துருக்கி, ஈரான் வரை பரவியிருக்கிறது. ஹெர்மன் ஆமை ஸ்பெயின், இத்தாலி, பால்கன் நாடுகளின் பிராணி. இரண்டுக்கும் ஊர் ஒரே மாதிரிதான்: கல்லும் முள்ளும் நிறைந்த சரிவு, கோடையில் மழையே இல்லாத காய்ச்சல், வசந்தத்தில் முளைத்துப் பாதி காய்ந்து நிற்கிற களைச்செடிகள். நாள் முழுக்க நடந்து நடந்து அந்த நார்ச்செடிகளைக் கடித்துத் தின்னும். குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் அந்த நாரை மெதுவாகப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றும். அங்கே சர்க்கரை போய் விழுந்தால் புளிப்பு தாறுமாறாகும். கழிசல், வாயு, குடற்புழுப் பெருக்கம் எல்லாம் வரும். பாலைச் செரிக்க அதற்கு வழியே கிடையாது. நாய், பூனைத் தீனியில் உள்ள புரதம் ஓட்டை அவசரமாக வளர்த்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தீனிக்கு முன்னால் ஒரு விஷயம். நீங்கள் வைத்திருப்பது எந்த ஆமை என்று தெரிந்துகொள்ளுங்கள். தொடையின் பின்பக்கம், வாலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள் போலத் துருத்தியிருந்தால் அது கிரேக்க ஆமை. வால் நுனியில் நகம் போலக் கடினமான முனை இருந்தால் ஹெர்மன். முன்காலில் நான்கே நகம் என்றால் மத்திய ஆசியாவின் ரஷ்ய ஆமை. ஓட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்தால், அது வெளிநாட்டு ஆமையே இல்லை. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் வாழ்கிற நட்சத்திர ஆமை. வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு ஆமைக்கும் காகிதம் வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் நான்காம் அட்டவணையில் இவை வருகின்றன. வைத்திருப்பவர் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்றவர் பில்கூடத் தரவில்லை என்றால் அது எந்த வழியாக வந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்' என்று ஆமையைத் திட்டுகிற பெரியவர்களிடம் நான் சொல்வது, காகிதம் இல்லாமல் ஆமை புகுந்தால் பின்னாலேயே அமீனாவும் வருவார் என்றுதான்.

சரி, தீனிக்கு வருவோம். நம் ஊர் இந்த ஆமைக்கு மோசமான ஊர் இல்லை. வேண்டியதெல்லாம் வேலியோரத்தில் சும்மா முளைக்கிறது. செம்பருத்தி இலையும் பூவும் கொடுக்கலாம். மல்பெரி இலை கிடைத்தால் மிக நல்லது. மழைக்குப் பிறகு தரையோடு படர்கிற மூக்கிரட்டை, கொஞ்சம் அருகம்புல் கொடுக்கலாம். சப்பாத்திக்கள்ளியை மறந்துவிடாதீர்கள். ராமநாதபுரத்துக்காரனுக்கு அது வெறும் முள்ளு. ஆமைக்கு அது நாரும் நீரும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த சாப்பாடு. இளம் மடலை இடுக்கியால் பிடித்து, அடுப்புத் தணலில் காட்டி முள்ளைப் பொசுக்கி, கத்தியால் சுரண்டி, பட்டையாக நறுக்கிப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு முள்தான் நாக்கில் குத்தும், அதனால் சுரண்டுவதில் சோம்பல் கூடாது.

ஒரே இலையைத் தினமும் போடாமல் நாலைந்து வகையை மாற்றி மாற்றிப் போடுங்கள். பாலக்கீரை, பருப்புக்கீரை, தண்டுக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் இருக்கிறது. அது சுண்ணாம்பை உடம்பில் சேரவிடாது. எப்போதாவது கொடுத்தால் குற்றமில்லை. முட்டைக்கோஸும் அப்படித்தான். முருங்கையும் அகத்தியும் மனிதனுக்கு அருமை, ஆமைக்குப் புரதம் கூடுதல். வாரத்தில் ஒருநாள் ஒரு இணுக்கு போதும். வெள்ளரிக்காய் தண்ணீர்தான், சத்து இல்லை. பழத்தை அறவே விட்டுவிடலாம். பேரீச்சம்பழம் வேண்டவே வேண்டாம்.

அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, குரோட்டன்ஸ் இவை எட்டுகிற இடத்தில் இருக்கக்கூடாது. கண்மாய்க் கரையில் ஊதாப்பூ பூத்து நிற்கிற காட்டாமணக்கு ஆட்டையே கொல்கிறது, ஆமையை விடுமா? மிளகாய், பருத்திக் கொல்லை ஓரத்திலிருந்து களை பறிக்காதீர்கள்; மருந்து அடித்திருப்பார்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் விலை உயர்ந்த பவுடர் தேட வேண்டியதில்லை. மண்டபம், பாம்பன், ஏர்வாடிக் கரைகளில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கிறதே கணவாய் ஓடு, நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று விற்பார்களே, அதுதான். ஐரோப்பாவில் ஆமை வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிற பொருள் நம் காலில் மிதிபடுகிறது. கரையில் எடுத்ததை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பு போனதும் வெயிலில் காயவையுங்கள். பின்பக்கத்துக் கெட்டி ஓட்டை உரித்துவிட்டு மெத்தென்ற பக்கத்தைக் கூண்டில் போட்டால் தேவைப்படும்போது தானே கடிக்கும். கடிக்காத குட்டிக்கு அதையே சுரண்டி, ஒரு சிட்டிகை தினமும் இலைமேல் தூவலாம்.

சுண்ணாம்பு தின்றால் மட்டும் போதாது. அதை உடம்பில் சேர்க்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு நேர் வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக விழுகிற வெயில் வெளிச்சம்தான், அதில் வேலை செய்கிற கதிர் கண்ணாடியிலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு வெயில் காய்கிற ஊரில் ஓடு மெலிந்த ஆமைகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏசி அறையில், மீன் தொட்டிக்குள், டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஏசி காற்றை உலர்த்தும். உலர்ந்த காற்றும் வேகமான வளர்ச்சியும் சேர்ந்தால் ஓட்டின் கட்டங்கள் கூம்பு கூம்பாக எழும்பும். எழும்பினது இறங்காது.

வெளியே விடுங்கள், ஆனால் நிழலோடு. காலை ஏழிலிருந்து பத்து மணிவரை வெயில் நல்லது. அதற்கு மேல் வேப்பமர நிழலோ, கவிழ்த்துப் பாதி புதைத்த மண்பானையோ இருக்க வேண்டும். ஆமைக்கு வியர்க்காது. மே மாதத்தில் பிளாஸ்டிக் டப்பில் போட்டு மொட்டைமாடியில் வைத்துவிட்டுத் தொழுகைக்கோ கடைக்கோ போய் வருவதற்குள் செத்துப்போகும். வாயில் நுரை தள்ளினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

அடைப்புக்குச் சுவர் ஒளி புகாததாக இருக்கட்டும். வெளியே தெரிந்தால் நாள் முழுக்க அதையே முட்டிக்கொண்டிருக்கும். நன்றாகத் தோண்டும், ஏறவும் செய்யும். எனவே சுவரை அரையடி மண்ணுக்குள் இறக்குங்கள். தரைக்குச் செம்மண் போதும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. இலையோடு தின்றால் குடலிலும் அடைக்கும். குட்டி என்றால் மேலே வலை கட்டாமல் விடவே கூடாது. காக்கை கண்ணைத்தான் முதலில் கொத்தும். வீட்டு நாயை நம்பாதீர்கள். ஓட்டை எலும்பாக நினைத்துக் கடித்த கேஸ்கள் வருகின்றன, அதில் பாதி 'எங்க நாய் ஒண்ணும் பண்ணாது' வீட்டிலிருந்து.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு கோணல்கள் பார்க்கிறேன். ஆமைதானே என்று தொட்டியில் மிதக்கவிடுகிறவர்கள் ஒரு பக்கம். இது தரை ஆமை, நீந்தத் தெரியாது, மூழ்கிச் சாகும். பாலைவனப் பிராணி, தண்ணீரே வேண்டாம் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். வாரத்தில் மூன்று நாள், குட்டிக்குத் தினமும், வெதுவெதுப்பான தண்ணீரில் தாடை உயரத்துக்கு மேல் போகாமல் கால் மணி நேரம் நிற்கவையுங்கள். தலையைத் தாழ்த்திக் குடிக்கும், அப்படியே வெள்ளையாகக் கழிக்கும். அந்த வெள்ளை தயிர்க் கட்டி பதத்தில் இருந்தால் பயமில்லை; மணல் போல நறநறவென்று இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். போர் தண்ணீர் பல ஊரில் உப்பு. காவிரித் தண்ணீர் வருகிற அன்று இதற்கும் ஒரு சொம்பு எடுத்துவையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் இல்லாமல் சுணங்கி, தீனியைக் குறைக்கும். உடனே இணையத்தில் பார்த்துவிட்டுக் 'குளிர்கால உறக்கம்' என்று பெட்டியில் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் ஊரில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே நிற்பதால் உடம்பே மெதுவாகி உறங்குகிறது. நம் ஊர் மார்கழியில்கூட அவ்வளவு குளிராது. இந்தச் சூட்டில் தீனி இல்லாமல் அடைத்து வைத்தால் இருக்கிற சதையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். மழை நாளில் உலர்ந்த இடம், மேலே ஒரு சூடு விளக்கு, அவ்வளவு போதும்.

சமையல் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆமை நோயை மறைக்கிற பிராணி. முகத்தில் தெரிவதற்கு முன்பே எடையில் தெரியும். புதிதாக வந்தது சில நாள் தின்னாமல் இருப்பது சகஜம், அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் விட்டால் தானே தின்னும். ஆனால் மூக்கில் குமிழ், வாயைத் திறந்து மூச்சு, வீங்கிய கண், காதுப் பக்கம் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை என்று தள்ளாதீர்கள். வரும்போது அன்றைய எச்சத்தையும் ஒரு கவரில் கொண்டுவாருங்கள். பெண் ஆமை ஆண் இல்லாமலேயே முட்டை வைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தோண்டுவதற்கு மண் இல்லாமல் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்து அவதிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இதைக் கொட்டை எழுத்தில் எழுத ஆசை: ஆட்டுக்கும் நாய்க்கும் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை ஆமைக்குப் போடக்கூடாது. உண்ணிக்கும் இல்லை, புழுவுக்கும் இல்லை. நரம்பைத் தாக்கி, கைகால் விழுந்து செத்துப்போகும். ஆடுகளுக்கு வாங்கி வைத்த மருந்து வீட்டில் மிச்சம் இருக்கிற ஊர் இது, அதனால்தான் சொல்கிறேன். வைட்டமின் ஏ ஊசியும் அளவு மீறினால் தோல் பட்டை பட்டையாக உரியும். ஓட்டில் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பெயின்ட் எதுவும் பூசாதீர்கள்.

தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஆரோக்கியமான ஆமையின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் அடுப்படிப் பக்கமே விடாதீர்கள், அதன் தட்டைப் பாத்திரம் விளக்குகிற இடத்தில் கழுவாதீர்கள்.

வாங்குமுன் படிக்கிறவர்களுக்கு: இது ஐம்பது வருஷம் சாதாரணமாக வாழும். கிரிமியப் போர்க் காலத்தில், 1854-இல் ஓர் ஆங்கிலேயக் கப்பலில் இருந்த 'திமோத்தி' என்ற கிரேக்க ஆமை 2004 வரை உயிரோடிருந்தது. அது பெண் என்பதே 1926-இல்தான் தெரிந்தது! நான்காவது படிக்கிற பையன் கேட்டான் என்று வாங்கினால், அவன் வேலைக்கு வெளிநாடு போனபிறகும் யாரோ களை பறித்துப் போட வேண்டும்.

முடியவில்லை என்றால் கண்மாயிலோ கடற்கரையிலோ கோயில் தீர்த்தத்திலோ விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் போட்டால் அன்றே சாகும். கரைக் காட்டில் விட்டால், வெளிக்குத் தெரியாமல் அது சுமந்து வந்த நோய் நம் நட்சத்திர ஆமைக்குத் தொற்றலாம். ராமநாதபுரம் வன அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்கிற இடத்தில் ஒப்படையுங்கள். போகும்போது எடை எழுதிய நோட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள், அடுத்து பார்க்கிறவருக்கு உதவும்.