லித்தியம் பேட்டரிக்கு சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் வாங்குறதுக்கு முன்னாடி

லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துட்டு அதே இடத்துல லித்தியம் வைக்கிறவங்க எல்லாருக்கும் வர்ற முதல் கேள்வி, இருக்கிற சார்ஜ் கன்ட்ரோலரே (பேனல்ல இருந்து பேட்டரிக்குப் போற சார்ஜை கட்டுப்படுத்துற பெட்டி) போதுமா இல்ல புதுசு வாங்கணுமாங்கிறதுதான். எல்லாரும் உடனே பெட்டி மேல போட்டிருக்கிற ஆம்பியரைத்தான் பாக்குறாங்க. ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது, அந்த கன்ட்ரோலர்ல வோல்டேஜ் நம்பரை நாமளே மாத்த முடியுமா முடியாதாங்கிறதை. மாத்த முடியலன்னா எவ்ளோ பெரிய கன்ட்ரோலரா இருந்தாலும் லித்தியத்துக்கு அது யோசிச்சு வாங்க வேண்டிய பொருள்தான்.

சோலார்ல லித்தியம்னு சொன்னா பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஒரு செல் 3.2 வோல்ட், நாலு செல் சீரியஸ்ல போட்டா 12.8, அதைத்தான் 12 வோல்ட் பேட்டரின்னு விக்கிறாங்க. ஒரு செல்லுக்கு மேல் எல்லை 3.65, அப்போ மொத்தத்துக்கு 14.6 வோல்ட். இந்த பேட்டரியோட குணமே என்னன்னா நடுவுல வோல்டேஜ் அசையவே அசையாது, 20 சதவீதத்துல இருந்து 80 சதவீதம் வரைக்கும் 13 சொச்சத்துலயே மணிக்கணக்கா நிக்கும், மீட்டரை பாத்தா ஏதோ சார்ஜே ஏறாத மாதிரி தெரியும், ஆனா கடைசி சில சதவீதத்துல திடீர்னு செங்குத்தா ஏறிடும். அதுலயும் நாலு செல்லும் ஒண்ணா ஏறாது. மொத்தம் 14.4 காட்டும்போது உள்ள மூணு செல் 3.55ல இருக்கலாம், ஒண்ணு மட்டும் 3.75க்கு போயிருக்கலாம். அந்த ஒரு செல்லுக்காக பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள்ளயே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட், மொத்த பேட்டரியையும் கட் பண்ணிடும். அதனால கரெக்டான இடத்துல நிறுத்தத் தெரிஞ்ச கன்ட்ரோலர்தான் வேணும்.

லெட் ஆசிட்டுக்குன்னு செஞ்ச கன்ட்ரோலர்கிட்ட இருக்கிற மூணு பழக்கம் இங்க ஒத்து வராது. முதல்ல ஈக்வலைசேஷன், அதாவது அப்பப்போ வேணும்னே வோல்டேஜை 15க்கு மேல ஏத்தி ஆசிட்டை கலக்கி விடுறது, லெட் ஆசிட்டுக்கு அது மருந்து, லித்தியத்துக்கு நேரா ஓவர்சார்ஜ். இதை முழுசா ஆஃப் பண்ண முடியணும். ரெண்டாவது டெம்பரேச்சர் காம்பன்சேஷன், அதாவது சூட்டுக்கும் குளிருக்கும் ஏத்த மாதிரி சார்ஜ் வோல்டேஜை குறைச்சு கூட்டுறது. இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. லெட் ஆசிட்ல ஒரு டிகிரிக்கு ஒரு செல்லுக்கு 4 மில்லிவோல்ட்னு வச்சா ஆறு செல்லுக்கு 24 மில்லிவோல்ட், 25 டிகிரியில 14.4னு செட் பண்ணது 45 டிகிரி வெயில்ல 13.9க்கு இறங்கிடும், 5 டிகிரி குளிர்ல 14.9 பக்கத்துக்கு ஏறிடும். ஏறுனா பிஎம்எஸ் கட் பண்ணும். இறங்குனா பேட்டரி கிட்டத்தட்ட ஃபுல் ஆகும்தான், ஆனா செல்களை சமப்படுத்துற வேலைக்கு வேண்டிய வோல்டேஜும் நேரமும் சரியா கிடைக்காம போகலாம், அப்படியே விட்டா செல்லுக்கு செல் வித்தியாசம் கூடிட்டே போகும். லித்தியத்துக்கு இந்த காம்பன்சேஷன் பூஜ்யமா இருக்கணும். மூணாவது, மணிக்கணக்கா நீளுற அப்சார்ப்ஷன், அதாவது மேல் வோல்டேஜ்லயே பிடிச்சு வச்சு கடைசி சார்ஜை ஏத்துற கட்டம். லெட் ஆசிட்ல கடைசி கொஞ்சம் சார்ஜ் மெதுவா தான் ஏறும், அதுக்கு அவ்ளோ நேரம் தேவை. லித்தியத்துக்கு அரைமணி நேரமே தாராளம்.

சரி என்ன நம்பர் போடுறது? பேட்டரி கம்பெனி டேட்டா ஷீட்ல சொல்றதுதான் முதல்ல. அது கையில இல்லன்னா அப்சார்ப்ஷன் 14.2, ஃப்ளோட் (ஃபுல் ஆன பிறகு பிடிச்சு வைக்கிற வோல்டேஜ்) 13.5 பக்கம் வச்சா நல்லாவே ஓடும். 14.6 வரைக்கும் ஏத்தணும்னு எந்த அவசியமும் இல்ல, கூடுதலா கிடைக்கிற சார்ஜ் ரொம்ப கொஞ்சம், செல்லுக்குத்தான் சும்மா அழுத்தம். கன்ட்ரோலர்ல லித்தியம்னு ஒரு மோட் இருந்தா அதை அப்படியே நம்பிடாதீங்க. என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்)னு வேற வகை லித்தியமும் இருக்கு, அதுல ஒரு செல் 4.2 வரைக்கும் போகும், மூணு செல் பேக்குக்கு 12.6, நாலு செல்லுக்கு 16.8. மோட் பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ள எந்த நம்பர் ஓடுதுன்னு மேனுவல்ல பாத்தே ஆகணும்.

பிஎம்எஸ் இருக்கே, அது பாத்துக்கும்னு சிலர் சொல்றாங்க. இது எனக்கு கவலையா இருக்கிற பேச்சு. பிஎம்எஸ் கடைசி பாதுகாப்பு, தினமும் சார்ஜை நிறுத்துற ஸ்விட்ச்சா அதை ஓட்டக் கூடாது. நல்ல வெயில்ல 30 ஆம்பியர் ஓடிட்டு இருக்கும்போது அது பட்டுனு பேட்டரியை துண்டிச்சா, கன்ட்ரோலர் காயில்ல இருக்கிற எனர்ஜிக்கு போக இடம் இல்லாம அவுட்புட் வோல்டேஜ் ஒரு நொடிக்குள்ள எகிறும், அதே லைன்ல இருக்கிற இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும், மட்டமான கன்ட்ரோலரா இருந்தா அதுவே போயிடும். இதே காரணத்துக்காகத்தான் மாட்டும்போது பேட்டரி முதல்ல பேனல் அப்புறம், கழட்டும்போது பேனல் முதல்ல.

இப்போ கன்ட்ரோலர்ல இருக்கிற ரெண்டு வகையில எது, பிடபிள்யூஎம்மா எம்பிபிடியா. பிடபிள்யூஎம்ல பேனலை நேரா பேட்டரியோட சேத்து விடுறாங்க, அதனால பேனல் வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜுக்கு இழுபட்டுடும். 100 வாட் பேனல் 18 வோல்ட்ல 5.5 ஆம்பியர் தரும், அதை 13.3ல கட்டுனா 73 வாட்தான் பேட்டரிக்குப் போகும். சின்ன லைட்டுக்கு இது போதும், அதுல தப்பே இல்ல. ஆனா வீட்டு கூரைக்குன்னு வர்ற 60 செல் பேனல், 300 வாட், 32 வோல்ட், 9.4 ஆம்பியர், அதை பிடபிள்யூஎம்ல மாட்டுனா 125 வாட்தான் வரும், பாதிக்கும் மேல வீண். எம்பிபிடி அந்த 32 வோல்ட்லயே பேனலை நிக்க வச்சு வாங்கி, வோல்டேஜை குறைச்சு ஆம்பியரை கூட்டிக் குடுக்கும், நஷ்டம் சில சதவீதம்தான்.

எம்பிபிடின்னு ஸ்டிக்கர் ஒட்டி உள்ள பிடபிள்யூஎம் வச்சு விக்கிறதும் நடக்குது. கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பேட்டரி நல்லா காலியா இருக்கிற நேரத்துல, உச்சி வெயில்ல, சார்ஜ் ஓடும்போது பேனல் டெர்மினல்ல வோல்டேஜ் பாருங்க. 18 வோல்ட் பேனல் 17, 18னு நின்னா எம்பிபிடி. பேட்டரி 13.3 காட்டுறப்போ பேனலும் 13.5, 14னு காட்டுனா அது பிடபிள்யூஎம்தான். பேட்டரி ஃபுல்லா இருக்கும்போது இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, அப்போ கன்ட்ரோலர் கரண்ட்டை குறைச்சிருக்கும், பேனல் வோல்டேஜ் தானா மேல போயிருக்கும், ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாது. இன்னொண்ணு வெயிட். உண்மையான எம்பிபிடியில பெரிய காயிலும் ஹீட் சிங்க்கும் இருக்கும், 30 ஆம்பியர்னு சொல்லிட்டு கையில எடுத்தா லேசா இருந்தா சந்தேகப்படலாம்.

இன்புட் வோல்டேஜ் எல்லையில மட்டும் கொஞ்சம் கூட சமரசம் பண்ணாதீங்க. பேனல் ஸ்டிக்கர்ல ஓபன் சர்க்யூட் வோல்டேஜ்னு (எதுலயும் மாட்டாம இருக்கும்போது வர்ற வோல்டேஜ்) போட்டிருக்கிறது 25 டிகிரிக்கு. குளிர்ல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் கூடும். 47 வோல்ட் பேனல் ரெண்டை சீரியஸ்ல போட்டா 94, எல்லை 100ன்னா பாதுகாப்புன்னு தோணும், ஆனா பூஜ்யம் டிகிரி காலையில அது 101ஐ தொடும். கரண்ட் கூடுனா நல்ல கன்ட்ரோலர் தானே குறைச்சுக்கும், வோல்டேஜ் தாண்டுனா உள்ள பார்ட்ஸ் எரிஞ்சு போயிடலாம், அப்புறம் திரும்ப வராது.

ஆம்பியர் கணக்கு சுலபம், 400 வாட் பேனலை 12.8ஆல வகுத்தா 31, அப்போ 40 ஆம்பியர் கன்ட்ரோலர். பேட்டரி எவ்ளோ ஆம்பியர் தாங்கும்னும் பாத்துக்கோங்க, 100 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 50 வரைக்கும் பொதுவா ஓகே. வயர் தடிமனா, நீளம் கம்மியா இருக்கட்டும். 20 ஆம்பியர் ஓடும்போது வயர்ல 0.2 வோல்ட் விழுந்தா கன்ட்ரோலர் பேட்டரி ஃபுல் ஆகிடுச்சுன்னு சீக்கிரமே முடிவு பண்ணிடும், இப்படி அசையாம நிக்கிற வோல்டேஜ்ல 0.2ங்கிறது பெரிய விஷயம்.

உறைபனி வர்ற இடமா இருந்தா பூஜ்யம் டிகிரிக்கு கீழ சார்ஜை நிறுத்துற வசதி கன்ட்ரோலர்லயோ பிஎம்எஸ்லயோ கண்டிப்பா இருக்கணும், அந்த குளிர்ல சார்ஜ் பண்ணா லித்தியம் உலோகமா செல்லுக்குள்ள படியும், அது நிரந்தர சேதம். கன்ட்ரோலர்ல லைட், ஃபேன் மாட்டுற லோட் டெர்மினலை பயன்படுத்துறீங்கன்னா லெட் ஆசிட்டுக்குன்னு வச்ச 11.1 கட்ஆஃபை 12க்கு ஏத்துங்க, 11.1க்கு வர்றதுக்குள்ள லித்தியம் கிட்டத்தட்ட காலி. அதையும் தாண்டி காலியாகி பிஎம்எஸ் பேட்டரியை துண்டிச்சுட்டு தூங்கிடுச்சுன்னா டெர்மினல்ல வோல்டேஜே இருக்காது, நிறைய கன்ட்ரோலர் பேட்டரியே இல்லைன்னு நெனச்சு காலையில வெயில் வந்தாலும் சார்ஜை ஆரம்பிக்காது, அதனால தூங்குற பிஎம்எஸ்ஸை எழுப்புற வசதி இருக்கான்னும், சிஸ்டம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டாங்கிறதை ஆட்டோன்னு விடாம கையால செட் பண்ண முடியுமான்னும் வாங்குறதுக்கு முன்னாடியே மேனுவலை டவுன்லோட் பண்ணி பாத்துடுங்க.