ஷாக்: ஐசியு வாசலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

நாகர்கோவில் பக்கம் ‘ஷாக்’ என்றால் முதலில் கரண்ட்தான் நினைவுக்கு வரும். ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டவர் ‘ஷாக் அடிச்சிட்டு’ என்பார். அடுத்தது, கேட்கக்கூடாத செய்தியைக் கேட்டு உறைந்துபோவது. ஐசியு வாசலில் டாக்டர் சொல்லும் ‘ஷாக்கில் இருக்கிறார்’ இந்த இரண்டிலும் சேராது.

மீன்முள் குத்திய காலில் சீழ் பிடித்து, தொற்று உடம்பெல்லாம் பரவிய நிலையில் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். ‘ஷாக்’ என்று சொன்னதும் அவருடைய அம்மா கேட்டார்: “எதப் பாத்து பயந்தான் மக்கா? வீட்ல ஒண்ணும் நடக்கலியே.” அந்தக் கேள்வியில் ஒரு தவறும் இல்லை. தனக்குத் தெரிந்த பொருளை வைத்துக் கேட்டார். போதாக்குறைக்கு, தாறுமாறாகத் துடித்து ரத்தம் தள்ளாமல் போன இதயத்தை மீட்க மின்சாரம் பாய்ச்சுவதையும் ‘ஷாக் கொடுத்தோம்’ என்றுதான் சொல்கிறோம். ஒரே வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் எதை எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வார்கள்?

மருத்துவத்தில் ஷாக் என்பது ரத்த ஓட்டம் தோற்றுப்போன நிலை. சிறுநீரகம், மூளை, குடல் என்று எந்த உறுப்புக்கும் தேவையான ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. ஆக்சிஜன் கிடைக்காத திசுக்களில் லாக்டிக் அமிலம் (லாக்டேட்) சேர்கிறது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். பயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சொல்லின் கதைக்கு வருவோம். பிரெஞ்சு அறுவை மருத்துவர் லெ திரான் துப்பாக்கிக் குண்டுக் காயங்களைப் பற்றி 1737இல் ஒரு நூல் எழுதினார். 1743இல் அது ஆங்கிலத்துக்குப் போனபோது மொழிபெயர்ப்பாளர் போட்ட சொல்தான் ‘ஷாக்’. அதுவரை ஆங்கிலத்தில் இரண்டு படைகள் மோதிக்கொள்வதற்கு வழங்கிய சொல் அது. குண்டு உடம்பில் மோதிய அடியைச் சொல்ல வந்தது, அந்த அடிக்குப் பின் உடம்பு அடங்கிப்போகும் நிலைக்கே பெயராகிவிட்டது. காரணத்தின் பெயரை விளைவுக்கு வைத்ததில்தான் குழப்பம் தொடங்கியது. மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லெய்டன் ஜாடியும் அதே 1740களில் வந்தது. கரண்ட் அடிப்பதற்கும் இந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது.

முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை இந்த ஷாக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் அறுவை மருத்துவராக இருந்த ஹோவார்டு சோமர்வெல்தான் பிறகு எவரெஸ்ட் ஏறப் போய், அப்புறம் நம் மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர்.

தமிழில் ‘அதிர்ச்சி’ என்கிறோம். அதிர் என்பது வினையடி. வளர், வளர்ச்சி ஆவதுபோல அதிர், அதிர்ச்சி ஆனது. முரசு அதிரும், நிலம் அதிரும். நோயோடும் இந்தச் சொல்லுக்குப் பழைய உறவு உண்டு. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை, அதிர வருவதோர் நோய்’ என்கிறது 429ஆம் குறள். அங்கே நோய் என்றால் துன்பம்; அதிர என்றால் நடுங்க. வருமுன் அறிந்து காப்பதைப் பேசும் அந்தக் குறளை ஐசியுவில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்கென்று எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் ஷாக் சொல்லாமல் வருவதில்லை. பிரஷர் மட்டும் பார்க்கிறவர்களுக்குத்தான் அது திடீரென வந்ததாகத் தோன்றும். மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் வரை போன பிறகும் மேல் பிரஷர் இயல்பாகக் காட்டலாம். உடம்பு நாடியை விரட்டி, தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சமாளித்துக்கொண்டிருக்கும்.

அதனால் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் நுனியை நன்றாக அழுத்திப் பிடித்தால் வெளுக்கும். விட்டபின் பழைய நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ஓட்டம் போதவில்லை. குழாய் வழியே மூத்திரம் சேரும் பையையும் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். முன்னுக்குப்பின் முரணாகப் பேசுவது, கை கால் சில்லிட்டுப் பிசுபிசுப்பது இவையும் சேர்ந்தால் காத்திருக்க நேரமில்லை. கிருமித் தொற்றால் வருவதில் தொடக்கத்தில் கை கதகதப்பாகவே இருக்கலாம். அதை நம்பி ஏமாறக்கூடாது.

சிகிச்சை வகையைப் பொறுத்தது. தோப்பில் மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் கிணறு வற்றியதா, மோட்டார் பழுதா, குழாய் அடைப்பா, ஓஸ் பிளந்து விரிந்ததா என்று பார்ப்போமே, அதே நான்கு கேள்விதான். ரத்தம் கொட்டியோ, வயிற்றுப்போக்கிலோ, டெங்குவில் நீர் கசிந்தோ வற்றியிருந்தால் நீரும் ரத்தமும் ஏற்ற வேண்டும்; கசியும் இடத்தை அடைக்கவும் வேண்டும். மோட்டாரான இதயம் மாரடைப்பால் துவண்டிருந்தால் அதே நீர் நுரையீரலில் தேங்கி ஆளைக் கெடுக்கும். இதயத்தின் அடைபட்ட ரத்தக் குழாயைத் திறப்பதுதான் வழி. ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க டாக்டரே’ என்று கேட்கிறவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் எந்த ஷாக்குக்கும் ஓட்டத்தை நிரப்பும் நீர் அல்ல. உப்பு நீரோ, ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலோதான் அதற்கு. ஓஸ் விரிந்ததுபோல ரத்தக் குழாய்கள் விரிந்துபோவது அடுத்த வகை. கிருமித் தொற்றானால் முதல் ஒரு மணிநேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக், முதல் 3 மணிநேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி நீர், அதற்கும் சராசரி பிரஷர் (மேல், கீழ் இரண்டுக்கும் இடைப்பட்ட கணக்கு) 65ஐத் தொடாவிட்டால் ரத்தக் குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலின். கடந்தைக் குளவி கொட்டியோ ஊசி மருந்து ஒவ்வாமலோ வந்தால் பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலின், தொடையின் வெளிப்புறத் தசையில், உடனே. பனையிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் நொறுங்கினால் பிரஷர் இறங்கும், ஆனால் நாடி விரைவதற்குப் பதில் மெதுவாகும். கடைசியாக, குழாய் அடைப்பு வகை: நுரையீரலுக்கு வெளியே காற்று அடைத்து இதயத்தை நெருக்கினால், காற்றை ஊசியால் வெளியேற்றினாலே ஆள் மீள்வார்.

சரி, எந்தத் தமிழ்ச்சொல்? மயக்கம் சரிப்படாது, ஷாக்கில் இருப்பவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். ‘ரத்தவோட்டத் தளர்ச்சி’ பொருளுக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் நம் மாவட்டத்தில் ‘ரெண்டு நாளா ஒரே தளர்ச்சி’ என்று வேலைக் களைப்புக்கே சொல்வதால் ஆபத்தின் கனம் ஏறாது. வெறும் அதிர்ச்சியோ, அந்த அம்மா கேட்ட கேள்விக்கே கொண்டுபோய் விடும். எழுத்தில் ‘ரத்தவோட்ட அதிர்ச்சி’ என்று முழுதாக எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. சுற்றோட்ட அதிர்ச்சி என்றும் எழுதலாம், பாடநூலுக்கு அது பொருந்தும். வாசலில் நிற்பவர்களிடம் பெயர்ச்சொல்லே வேண்டாம்: “உடம்புக்குப் போக வேண்டிய ரத்த ஓட்டம் போதவில்லை. காலில் உள்ள தொற்றுதான் காரணம். உயிருக்கு ஆபத்து இருக்கிறது, மருந்து ஓடுகிறது.”