திறந்தநிலைத் தரவு: சொல் விளக்கம்

ஓபன் டேட்டா என்று பரவலாக வழங்கும் தொடருக்குத் தமிழில் ‘திறந்த தரவு’, ‘திறந்தநிலைத் தரவு’, ‘கட்டற்ற தரவு’ ஆகிய வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. அரசு தன் பணியின் போக்கில் திரட்டிய விவரங்களை எவரும் எந்த நோக்கத்துக்கும் எடுத்தாளவும், மாற்றியமைக்கவும், பிறருக்கு வழங்கவும் தடையில்லாதபடி வெளியிட்டால்தான் இப்பெயர் பொருந்தும். இணையத்தில் பார்க்கக் கிடைக்கும் அரசு ஆவணங்கள் எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

டேட்டா என்பது டேட்டம் என்னும் இலத்தீன் சொல்லின் பன்மை. ‘கொடுத்தல்’ என்று பொருள்படும் டாரே என்னும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குக் ‘கொடுக்கப்பட்டது’ என்பதே நேர்ப்பொருள். யூக்ளிட் இயற்றிய வடிவியல் நூல்களுள் ஒன்றுக்கு டெடோமெனா என்று கிரேக்கத்தில் பெயர். அதுவே இலத்தீனில் டேட்டா எனப்பட்டது. ஒரு கணக்கில் தெரிந்தவையாக முன்வைக்கப்பட்டு, தெரியாதவற்றைக் கண்டறியத் துணைநிற்பவை என்பதே அங்கு அதன் கருத்து.

தமிழில் ‘தரவு’ புதிதாக ஆக்கிய சொல் அன்று. ‘தா’ என்னும் வினையடியாகப் பிறந்து, ‘வரவு’ போல ‘வு’ விகுதி பெற்ற தொழிற்பெயர் அது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதுவே பெயர். தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் அதன் பின்னரே வரும். “செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்” என்று தொல்காப்பியம் இச்சொல்லைத் தருதல் என்னும் பொருளிலேயே ஆண்டு, தருசொல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது என்று வரையறுக்கிறது. அதாவது, பொருள் என் கைக்கோ உன் கைக்கோ வந்து சேர வேண்டும். கேட்போரின் நிலையைப் பொறுத்துச் சொல் மாறும் என்றும் அந்நூல் கூறுகிறது: இழிந்தோன் ‘ஈ’ என்பான், ஒப்போன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். அரசிடம் குடிமக்கள் கேட்டுப் பெறுவதை ஈகை என்றோ கொடை என்றோ சொல்லாமல் தரவு என்று சொல்வது இதனால் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. ஒப்போர்க்கு ஒப்போர் தருவது அது.

வெளியீட்டின் தரத்தை இந்த வேர்ப்பொருளைக் கொண்டே அளக்கலாம். கணினியில் அட்டவணையாக இருந்த எண்களை அச்சிட்டு, ஸ்கேன் செய்து, படமாக வெளியிடும்போது அவை கண்ணுக்குக் காட்டப்படுகின்றனவே தவிரக் கைக்குத் தரப்படுவதில்லை. கூட்டிப் பார்க்க விரும்புபவர் ஒவ்வொரு எண்ணையும் மீண்டும் தட்டச்சிட நேர்கிறது. 2007 டிசம்பரில் அமெரிக்காவின் செபாஸ்டபோல் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த எட்டு நெறிகள் இதனாலேயே முழுமை, காலத்தாழ்வின்மை ஆகியவற்றோடு, திரட்டிய நிலையிலேயே தருதல், கணினியால் கையாள இயலும் வடிவில் தருதல் ஆகியவற்றையும் வலியுறுத்தின. ஓர் ஊரின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டல்களில் வந்தால் கணினிக்கு அது மூன்று ஊர். வெற்றுக் கட்டம் ‘சுழியம்’ என்பதைக் குறிக்கிறதா, ‘கணக்கெடுக்கவில்லை’ என்பதைக் குறிக்கிறதா என்று சொல்லப்படாவிட்டால், கூட்டுத்தொகையே ஐயத்துக்கு இடமாகிவிடும். 03/04/2021 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, வேறு சிலவற்றில் மார்ச் 4. கோப்பின் வடிவமும் சிறிய செய்தி அன்று: 2020இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றியபோது, அக்கோப்பு 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாததால், 15,841 தொற்றுகள் உரிய நாள்களின் கணக்கில் இடம்பெறாமல் போயின, தொற்றுக்கு ஆளானவர்களோடு தொடர்பில் இருந்தோரைத் தேடும் பணியும் அதனால் தாமதமாயிற்று.

இத்துறையில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் வெளிப்படைத்தன்மை. பொருளைக் குறிப்பால் உணர்த்தாமல் நேரே தரும் சொற்களை நன்னூல் “அல்லன வெளிப்படை” என்கிறது. ஊகித்து அறிய வேண்டாத நிலை என்னும் அவ்விலக்கணப் பொருள் ஆட்சித்துறைக்கும் அப்படியே ஒத்துவருகிறது.

இனி, எந்த வடிவத்தை ஏற்பது? ‘திறந்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ஒருமுறை நிகழ்ந்த செயலை அது சுட்டுகிறது, திறந்ததை மீண்டும் மூடவும் கூடும். பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது என்பதால் ‘திறந்தத் தரவு’ என்று எழுதுவது பிழை. ‘கட்டற்ற’ என்பது உரிமத் தடையின்மையை நன்றாகக் காட்டுகிறது. ஆயினும், கட்டுப்பாடற்றது, ஒழுங்கற்றது என்ற கருத்தும் அதில் கலந்து ஒலிப்பதால், ஒழுங்கையே உயிராகக் கொண்ட தரவுக்கு அதைச் சூட்ட நான் தயங்குகிறேன். எப்போதும் திறந்தே இருக்கும் இயல்பைச் சொல்லும் ‘திறந்தநிலைத் தரவு’ என்பதே என் தேர்வு. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்னும் வழக்கால் அது முன்பே பழகிய வடிவமும் ஆகும்.

இதனோடு சேர்த்து அறிய வேண்டியது, மெட்டாடேட்டா என்பதற்கு வழங்கும் ‘மீத்தரவு’. ‘மீ’ என்றால் மேல். ஓர் அட்டவணையை யார், எப்போது, எம்முறையில் திரட்டினர், ‘வேலையற்றோர்’ என்ற தலைப்பின் கீழ் யாரையெல்லாம் எண்ணினர், கடந்த வெளியீட்டுக்குப் பின் எதைத் திருத்தினர் என்பனவற்றைத் தரவின்மேல் அமைந்து சொல்வது அது. மீத்தரவு இல்லாத அட்டவணை பிழையற்றதாகவே இருந்தாலும், அதைச் சரிபார்க்க வெளியாருக்கு வழி இருப்பதில்லை.